பெண்ணுரிமையும் இலாபக் கணக்கும்

கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளிலே பெண்களுக்கு இடமளித்தால் இலாபம் பெருகும் என்றொரு வாதம் கடந்த இருபது ஆண்டுகளாக மேலைநாடுகளிலே ஓங்கி ஒலித்து வந்துள்ளது. ஆலோசனை நிறுவனங்கள் அதனை வழவழப்பான தாளிலே அறிக்கைகளாக அச்சிட்டன. வங்கிகள் அதனை விளம்பரமாக்கின. அமைச்சர்கள் மேடைகளிலே முழங்கினர். நமது பாடசாலை விவாத அரங்குகளிலும்கூட, பெண் சமத்துவம் பற்றிப் பேச எழும் மாணவி, தன் இரண்டாவது வாக்கியத்திலேயே 'பெண்கள் தலைமை வகிக்கும் நிறுவனங்கள் அதிக இலாபம் ஈட்டுகின்றன என ஆய்வுகள் கூறுகின்றன' என்று தொடங்கிவிடுகிறாள். அவள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவள் கையிலே கொடுக்கப்பட்ட ஆயுதம் அது. அந்த ஆயுதம் எந்த உலையிலே வார்க்கப்பட்டது, அதனை ஓங்கும்போது காயமுறுபவர் யார் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வாதத்தை அதன் சொந்த வலிமையிலே நிறுத்திப் பார்ப்போம். நியூயோர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'கற்றலிஸ்ட்' என்னும் அமைப்பு 2007ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கை இத்துறையிலே வேதவாக்காக எடுத்தாளப்பட்டு வந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய 500 கம்பனிகளைப் பெண் பணிப்பாளரின் விகிதத்தின்படி வரிசைப்படுத்தி, மேல் காற்பங்கையும் கீழ்க் காற்பங்கையும் அது ஒப்பிட்டது. பங்கு மூலதனத்தின்மீதான இலாபத்திலே மேற்காற்பங்கினர் 53 வீதம் முன்னிற்கின்றனர் என்றும், விற்பனைமீதான இலாபத்திலே 42 வீதம் முன்னிற்கின்றனர் என்றும் அது கணக்குக் காட்டிற்று. அதே ஆண்டிலே மக்கின்சி என்னும் உலகப் பெரும் ஆலோசனை நிறுவனமும் இதையொத்த அறிக்கையொன்றை வெளியிட்டது. இவ்வெண்கள் நாட்டுக்கு நாடு, பேச்சுக்குப் பேச்சுத் தாவிச் சென்றன.

எண்கள் பொய்யல்ல; ஆயினும் அவற்றினின்றும் பெறப்பட்ட முடிவு, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைச் சேர்ந்தது. பெண் பணிப்பாளர் இருந்தமையால் இலாபம் வந்ததா, இலாபம் நிறைந்திருந்தமையால் அக்கம்பனிகள் பெண்களை அழைத்து அமர்த்தும் துணிவு பெற்றனவா? பெரிய கம்பனிகள் மக்கள் கண்முன்னே நிற்பவை. தம் பெயரைப் பேணும் கவலை உடையவை. பெண்களை முதலில் நியமிப்பவையும் அவையே. கம்பனியின் பருமன், அது ஈடுபடும் தொழில், அதன் வயது ஆகியவற்றை நீக்கிப் பார்த்தால் 53 எத்தனையாகச் சுருங்கும்? இக்கேள்விகளுக்கு அறிக்கையிலே விடை கிடையாது. ஒன்றோடொன்று சேர்ந்து வருவது வேறு, ஒன்றினால் மற்றொன்று விளைவது வேறு என்பதை உயர்தர வகுப்பு மாணவனும் அறிவான். ஆலோசனை நிறுவனங்களிலே அமர்ந்திருக்கும் பட்டதாரிகள் அறியாதிருக்க நியாயமில்லை. அறிந்தும் அறியாதார்போன்று எழுதியமைக்குக் காரணம், சந்தையிலே அச்சொல்லுக்கு விலை இருந்தமையே எனலாம்.

வாதம் எத்துணை எளிதாகத் தலைகீழாக்கப்படக்கூடியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2003ஆம் ஆண்டு நவம்பரிலே லண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை, பணிப்பாளர் சபையிலே பெண்கள் அதிகமாக உள்ள பிரித்தானியக் கம்பனிகள் பங்குச் சந்தையிலே பின்தங்குகின்றன எனக் கட்டுரை வெளியிட்டது. பெண்கள் வந்தமையால் கம்பனிகள் கெட்டன என்பது அதன் உட்கிடை. மிஷெல் றயன், அலெக்ஸ் ஹஸ்லம் என்னும் இரு உளவியலாளர் அதே கம்பனிகளை மீண்டும் எடுத்து, நியமனத்துக்கு முந்திய மாதங்களையும் சேர்த்துப் பார்த்தனர். 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்லிற்று. சந்தை வீழ்ச்சியுற்றிருந்த வேளையிலே, பெண்களை நியமித்த கம்பனிகள் அதற்கு முந்திய ஐந்து மாதங்களாகவே தொடர்ந்து சரிந்துகொண்டிருந்தன. கப்பல் ஆட்டங்காணும்போதுதான் பெண்ணைச் சுக்கான் பிடிக்க அழைக்கின்றனர். மூழ்கினால் பழி அவள் தலையில். 'கண்ணாடிச் செங்குத்து' என அவ்விருவரும் இதற்குப் பெயரிட்டனர். இலாபத்தை வைத்துப் பெண்ணை அளக்கப் புகுந்தவர், பெண்ணை வைத்து நட்டத்தை விளக்கவும் தயங்கார் என்பதை அப்பத்திரிகைக் கட்டுரை முன்கூட்டியே காட்டிவிட்டது.

இனி நோர்வேக்கு வருவோம். ஆய்வுகூடத்திலே நடத்த முடியாத பரிசோதனையை ஒரு நாடு முழுவதிலும் நடத்திக் காட்டியது அது. அரசியலிலே நோர்வேப் பெண்கள் நெடுந்தூரம் முன்னேறியிருந்தனர். 1913இல் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிட்டியது. 1986இல் குறோ ஹார்லம் புறுண்ட்லாண்ட் அமைத்த அமைச்சரவையின் 18 பேரில் 8 பேர் பெண்கள். எனினும் கம்பனிகளின் கதவு மட்டும் திறக்கவில்லை. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, பழைமைவாதக் கட்சியைச் சேர்ந்த வர்த்தக அமைச்சர் அன்ஸ்கார் கபிரியெல்சன், பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர்களிலே ஒவ்வொரு பாலாரும் குறைந்தது 40 வீதம் இருத்தல் வேண்டும் என்ற யோசனையைப் பத்திரிகை வாயிலாக அறிவித்தார். 2003இல் சட்டம் நிறைவேறியது. தாமாக முன்வந்து நிறைவேற்றும்படி கம்பனிகளுக்குத் தவணை கொடுக்கப்பட்டது, அவை முன்வரவில்லை. ஆகவே 2006இல் சட்டம் கட்டாயமாக்கப்பட்டு, 2008 சனவரி இறுதித் தவணையாயிற்று. தவறும் கம்பனி கலைக்கப்படும் என்பதே தண்டனை! 2003இல் நூற்றுக்கு 9 ஆயிருந்த பெண் பணிப்பாளர் விகிதம் 2008இல் 40 ஆயிற்று. தகுதியுள்ள பெண்கள் கிடைக்கமாட்டார் என்று புலம்பியவர்களுக்கு, கம்பனி கலைந்துவிடும் என்றவுடன் அப்பெண்கள் கண்ணிற் பட்டனர்.

கபிரியெல்சன் இச்சட்டத்துக்குக் கற்பித்த நியாயம் கவனிக்கத்தக்கது. ஆண் பெண் சமத்துவத்துக்காக இதனைச் செய்யவில்லை. பலதரப்பட்டோர் கூடி அமர்வது செல்வத்தைப் பெருக்கும் என்பதற்காகவே செய்தேன் என்ற கருத்துப்படப் பின்னர் அவர் பேசினார். வலதுசாரி அமைச்சர் ஒருவர் முதலாளிகளை நோக்கிப் பேசவேண்டிய மொழி அதுதான் போலும். ஆனால் செல்வம் பெருகும் என்று வாக்களித்தவனிடம், பெருகிற்றா எனக் கணக்குக் கேட்க எவரேனும் வருவர் அல்லவா?

வந்தனர். கென்னத் அகெர்ன், எமி டிற்மார் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 2012இலே தம் ஆய்வை வெளியிட்டனர். அமைச்சரின் அறிவிப்பு வெளியான நாட்களிலே, பெண்களே இல்லாத சபைகளையுடைய கம்பனிகளின் பங்குவிலை ஏறக்குறைய 3.5 வீதம் வீழ்ந்தது என்றும், பின்வந்த ஆண்டுகளிலும் இக்கம்பனிகளின் சந்தைப் பெறுமதி குறைந்தது என்றும் அவர்கள் கூறினர். ஒதுக்கீட்டை எதிர்த்தோர் இதனைக் கையிலெடுத்துக் கொண்டாடினர். பத்தாண்டு சென்றபின், 2022இல், எக்போவும் அவர்தம் கூட்டாளிகளும் அதே நோர்வேயை மறுபடி ஆராய்ந்து, முறையாகக் கணித்தால் அவ்வீழ்ச்சி பொருட்படுத்தத்தக்கதன்று எனக் காட்டினர். அமெரிக்கக் கம்பனிகளை ஆராய்ந்த றெனே அடம்ஸ், டானியல் பெரெய்ரா ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. பெண் பணிப்பாளர்கள் கூட்டங்களுக்குத் தவறாது வருகின்றனர். அவர்கள் உள்ள சபைகளிலே ஆண்களின் வரவும் சீராகிறது. கணக்குகளைக் கண்காணிக்கும் குழுக்களிலே அவர்கள் அதிகமாக அமர்கின்றனர். ஆயினும் சராசரியாகப் பார்த்தால் இலாபத்தின்மீதான விளைவு சற்று எதிரானதாகவே உள்ளது என்றனர். 140 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015இல் வெளியான பெருந்தொகுப்பு ஒன்று, கணக்கேட்டு இலாபத்திலே மிகச் சிறிய சாதக உறவும், சந்தைப் பெறுமதியிலே ஏறக்குறையச் சூனியமும் இருப்பதாகத் தெரிவித்தது.

ஆக, இருபதாண்டு ஆராய்ச்சியின் பேறு: ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெண்கள் அமர்ந்தால் கம்பனி செழிக்கும் என்பதும் மெய்யன்று. அழியும் என்பதும் மெய்யன்று. ஆண்கள் அமர்ந்திருந்தபோது எவ்வண்ணம் நடந்ததோ பெரும்பாலும் அவ்வண்ணமே நடக்கிறது.

இவ்விடத்திலே நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த நூறாண்டுகளிலே, ஆண்களால் இலாபம் பெருகுகிறதா என எவராவது ஆராய்ந்தனரா? ஆண் தன் இடத்தை நிரூபிக்கவேண்டியதில்லை. அது அவனுடைய இயற்கைச் சொத்து. பெண் மட்டும் வாயிலிலே நின்று, 'என்னால் உங்களுக்கு இத்தனை வீதம் வரவு' எனச் சீட்டுக் காட்டவேண்டும். வாதத்தின் அநீதி அதன் விடையிலன்று, அது கேட்கப்படும் முறையிலேயே பொதிந்துள்ளது. கைச்சிலம்போடு பாண்டியன் அவையிலே நின்றவள், எனக்கு நீதி வழங்கினால் உன் திறைசேரி நிறையும் என்று சொல்லி வழக்குரைக்கவில்லை.

உரிமையை இலாபத்தின்மீது நிறுத்துவதன் ஆபத்தைச் சரித்திரமும் காட்டும். அடிமையின் உழைப்பைவிடச் சுதந்திரமான கூலியாளின் உழைப்பே முடிவிலே மலிவானது என 1776இலே அடம் ஸ்மித் எழுதினார். அடிமை முறையை எதிர்த்தோர் பலர் இக்கூற்றை உவந்து ஏற்றனர். இரு நூற்றாண்டுகளின் பின், 1974இல், ரொபேர்ட் ஃபோகல், ஸ்டான்லி எங்கர்மன் என்னும் பொருளாதார வரலாற்றாசிரியர் இருவர், அமெரிக்கத் தெற்கின் அடிமைத் தோட்டங்கள் இலாபகரமானவையே, வினைத்திறன் மிக்கவையே என வாதிடும் நூலை வெளியிட்டனர். அவர்கள் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவரல்லர். நூலின் கணக்குகளோ கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. அஃது எவ்வாறாயினும், அக்கணக்கு முழுவதும் சரியென்றே வைத்துக்கொள்வோம். அதனால் மனிதனை மனிதன் விற்றமை நியாயமாகிவிடுமா? ஸ்மித்தின் கணக்கின்மேல் விடுதலையை நிறுத்தியவன் அப்போது எங்கே போய் நிற்பான்?

நேர்மையின்பொருட்டு ஒன்று கூறவேண்டும். பெண் விடுதலையால் விளையும் நன்மை யாது என்ற கேள்வியை முற்போக்காளரும் ஒதுக்கியதில்லை. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1869இலே பெண்ணடிமைத்தனம் பற்றி எழுதிய நூலின் இறுதிப் பகுதி இக்கேள்வியையே எடுத்துக்கொள்கிறது. மனித குலத்தின் அறிவாற்றல் இரட்டிக்கும் என்ற பயனையும் அவர் அங்கே சொல்கிறார். ஆனால் அவர் முதலாவதாக எண்ணும் நன்மை, மனித உறவுகளிலே மிகப் பரந்ததான ஆண் பெண் உறவு அநீதியினின்றும் நீங்கி நீதியின்பாற் படும் என்பதே. நீதியே முதற் பயன். இன்றைய அறிக்கைகளிலே முதலாவது உருப்படி காணாமற்போய், இரண்டாவது உருப்படி மட்டும் பங்குதாரரின் பையை நோக்கித் திருப்பப்பட்டுவிட்டது.

இவ்வாதம் பெற்றெடுத்த கலைப்படைப்பு ஒன்றையும் இலக்கிய மாணவர் அறிந்திருத்தல் நன்று. நியூயோர்க் பங்குச் சந்தை வட்டாரத்திலே 1989 முதல் சீறி நிற்கும் வெண்கலக் காளையின் எதிரே, 2017 மார்ச்சிலே, மகளிர் தினத்துக்கு முந்திய நாள், சிறுமி ஒருத்தியின் வெண்கலச் சிலை நிறுத்தப்பட்டது. இடுப்பிலே கையூன்றி, மோவாயை நிமிர்த்தி, அஞ்சாது நிற்கிறாள். 'அஞ்சாச் சிறுமி' என்று பெயர். உலகெங்கும் பெண்கள் தம் புதல்வியரை அருகிலே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டனர். சிற்பமென்ற வகையிலே அந்நிமிர்வு உள்ளத்தைத் தொடுவது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனை நிறுத்தியது பெண்கள் இயக்கமன்று. ஸ்ரேட் ஸ்ரீற் என்னும் மாபெரும் முதலீட்டு நிறுவனம். பெண் தலைமையுள்ள கம்பனிகளின் பங்குகளைக் கொண்டு தான் விற்றுவந்த நிதியம் ஒன்றின் சந்தைக் குறியீட்டையே சிலையின் அடியிலிருந்த வாசகத்திலே அது சிலேடையாகப் பொறித்திருந்தது. சிலேடையின் பயன்களை நமது புலவர்கள் பலவாறு வகுத்துள்ளனர். இந்தப் பயன் அவர்களுக்குத் தோன்றியிராது.

உருவத்தைச் சற்று உற்றுநோக்குக. ஏன் சிறுமி? வளர்ந்த பெண்ணாயின் அவளுக்குச் சம்பளம் உண்டு, சம்பளத்தைப் பற்றி அவள் பேசக்கூடும், சங்கத்திலே சேரக்கூடும். சிறுமி எதனையும் கேளாள். அவள் காளையை நிறுத்த நிற்கின்றாளா, அதன் முதுகிலே ஏற நிற்கின்றாளா என்பதும் சிற்பத்திலே தெளிவில்லை. தெளிவின்மையே அவளை நிறுத்தியவர்களுக்கு வசதி. அதே 2017ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, தன்னிடம் பணிபுரிந்த உயர்நிலைப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் குறைந்த சம்பளம் வழங்கியதாக அமெரிக்கத் தொழிற் திணைக்களம் சாட்டிய குற்றத்தை ஏற்காமலே, அந்நிறுவனம் 50 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2018இன் இறுதியிலே சிறுமி காளையின் எதிரிலிருந்து பெயர்க்கப்பட்டுப் பங்குச் சந்தைக் கட்டிடத்தின் முன்னே நிறுத்தப்பட்டாள்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. பெண் பணிப்பாளர்களைக் கட்டாயமாக்கிக் கலிபோர்னியா 2018இல் இயற்றிய சட்டம் 2022இல் நீதிமன்றத்தால் வீழ்த்தப்பட்டது. 2020இல், பணிப்பாளர் சபை முழுவதும் வெள்ளை ஆண்களாயின் அக்கம்பனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவரமாட்டோம் எனக் கோல்ட்மன் சாக்ஸ் அறிவித்தது. பெண் பணிப்பாளருள்ள புதிய கம்பனிகள் சந்தையிலே நன்றாக ஓடின என்பதே அதன் தலைவர் சொன்ன நியாயம். 2024 டிசம்பரிலே நாஸ்டாக் சந்தையின் இத்தகைய விதியொன்றை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2025 பெப்ரவரியிலே கோல்ட்மன் சாக்ஸ் தன் கொள்கையைக் கைவிட்டது. அதே ஆண்டிலே, பெரிய கம்பனிகளின் சபைகளிலே இத்தனை வீதம் பெண்கள் வேண்டும் என்று தன் வாக்களிப்பு நெறியிலே எழுதிவைத்திருந்த எண்களை ஸ்ரேட் ஸ்ரீற்றும் அழித்தது. காற்று மாறியது, கணக்கு மாறியது. இலாபம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டதை, இலாபமில்லை என்று சொல்லித் திருப்பி எடுத்துக்கொண்டனர். இதிலே துரோகம் என்று கூவுவதற்கு எதுவுமில்லை. குத்தகைக்கு விட்டவன் தவணை முடிய நிலத்தை மீட்டுக்கொண்டான், அவ்வளவே.

இதுவரை கூறியவை வாதத்தின் பலவீனங்கள். ஆனால் எல்லாவற்றினும் முக்கியமானது நோர்வே ஆய்வுகளுள் ஒன்றிலே, அதிகம் பேசப்படாது கிடக்கிறது. டேவிட் மற்சா, அமலியா மில்லர் என்னும் பொருளியலாளர் இருவர் 2013இலே வெளியிட்ட ஆய்வு அது. ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட நோர்வேக் கம்பனிகளை, ஒதுக்கீடு தீண்டாத ஏனைய நோர்டிக் கம்பனிகளோடு அவர்கள் ஒப்பிட்டனர். பெரும்பாலான தீர்மானங்களிலே வேறுபாடு காணப்படவில்லை. ஒன்றிலே மட்டும் காணப்பட்டது. ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட கம்பனிகள் குறைவாக ஆட்குறைப்புச் செய்தன. ஆகவே அவற்றின் சம்பளச் செலவு ஒப்பளவிலே உயர்ந்தது. ஆகவே குறுங்கால இலாபம் குறைந்தது.

இம்மூன்று வாக்கியங்களையும் மெதுவாக மீண்டும் படித்தல் வேண்டும். இலாபம் ஏன் குறைந்தது? பெண்களுக்குக் கணக்குத் தெரியாமையாலா? அனுபவக் குறைவாலா? அனுபவம் மிக்க, வயதிலே முதிர்ந்த உறுப்பினரைக் கொண்ட சபைகளிலும் இதே விளைவு காணப்பட்டது என்று அவ்வாய்வு கூறுகிறது. இலாபம் குறைந்தது, வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய தொழிலாளர் சிலர் அனுப்பப்படாமையால். ஒஸ்லோவிலோ பேர்கனிலோ ஒரு குடும்பத்திலே அம்மாதமும் அடுப்பு எரிந்தது. அந்த அடுப்பின் நெருப்பு, கம்பனியின் ஏட்டிலே நட்டம் என்ற தலைப்பின்கீழ் பதியப்பட்டது.

'கம்பனியின் செயற்றிறன்' என்று இத்துறையினர் வழங்கும் சொல்லின் முகமூடி இங்கேதான் கழல்கிறது. கேட்பதற்கு எவர் பக்கமும் சாராத சொல். ஒரு யந்திரத்தின் செயற்றிறன், ஒரு மாணவனின் செயற்றிறன் என்பதுபோல. ஆனால் யாருடைய திறன், யாருக்காக? பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்கப்படும் தொகையே இச்சொல்லின் உள்ளீடு. கம்பனியிலே உழைக்கும் ஆயிரம் பேரின் வாழ்வு அதன் செயலிலே சேராது; அது அதன் செலவிலே சேரும். ஆகவே, பெண்கள் வந்தால் செயற்றிறன் உயருமா என்று நம்மை நோக்கிக் கேட்பவன் உண்மையிலே கேட்பது இதுதான்: தொழிலாளியை நீக்கும் கையொப்பத்தை ஆணைப்போலவே தயங்காது இடுவாளா பெண்? இடுவாளெனின் வருக; தயங்குவாளெனின் ஆய்வுகள் அவளுக்கு எதிராகப் பேசும்! முதலாளித்துவத்தின் அளவுகோலைக் கையிலேந்திக்கொண்டு பெண்ணுக்காக வாதாடப் புறப்பட்ட நல்லெண்ணக்காரர், அளவுகோலின் மறுமுனை தொழிலாளியின் வயிற்றிலே குத்துவதைக் கவனிக்கவில்லை.

ஆயினும் இதிலிருந்து, பெண்மை என்றால் தாய்மை, தாய்மை என்றால் கருணை என்று உருகிவிடுவதும் பிழை. அத்தகைய கவிதைகள் நம்மிடம் ஏற்கனவே வேண்டியமட்டும் உள்ளன. 1984இலும் 1985இலும் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நசுக்கியவர் மார்கிரட் தட்சர். நோர்வேயிலே நிகழ்ந்ததற்குக் கருப்பையிலே காரணம் தேடவேண்டியதில்லை. பெண்கள் முன்னர் அறவே இல்லாதிருந்த சபைகளிலேதான் விளைவு மிகுதியாக இருந்தது என்பதே குறிப்பு. பல ஆண்டுகளாக ஒரே விடுதியிலே உணவருந்தி, ஒருவரை ஒருவர் நியமித்து, ஒருவர் சம்பளத்தை ஒருவர் உயர்த்தி வாழ்ந்த ஒரு வட்டத்தினுள்ளே வெளியார் புகுந்தனர். வெளியாருக்கு, 'வழக்கம் இதுதான்' என்பது போதிய விடையாகப்படுவதில்லை. இஃது என் ஊகம். ஆய்வாளர் இவ்வளவு தூரம் செல்லவில்லை.

மேலே சென்றோரால் கீழே உள்ளோருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கும் நோர்வேயிலே விடை உண்டு. மரியான் பெர்ட்ராண்டும் மூவரும் 2019இலே வெளியிட்ட ஆய்வின்படி, சட்டத்தின் பின் நியமனம் பெற்ற பெண்கள், முன்னிருந்த பெண் பணிப்பாளரைவிடத் தகுதி மிக்கவர்கள். சபைக்குள்ளே ஆண் பெண் வருமான இடைவெளியும் சுருங்கியது. ஆனால் அக்கம்பனிகளிலே பணிபுரிந்த ஏனைய பெண்களின் நிலையிலே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. மலையுச்சியிலே பெய்தது உச்சியிலேயே உறைந்துவிட்டது.

இந்த விடை நம் நாட்டவருக்குப் புதிதாகத் தோன்றலாகாது. உலகின் முதற் பெண் பிரதமர் 1960ஆம் ஆண்டிலே இலங்கையிலேதான் பதவியேற்றார். மலையகத் தோட்டங்களிலே கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததோ 1984இலே, அதுவும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னர். இடைப்பட்டது 24 ஆண்டு. அம்முதற் பெண் பிரதமர் 1964இலே சாஸ்திரியோடு ஒப்பமிட்ட ஒப்பந்தம், 525,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களுள் அரைவாசிக்குக் கிட்டியவர் பெண்களாகவே இருந்திருப்பர். அவர்களை எவரும் கேட்கவில்லை. அண்டை நாட்டின் சட்டமும் இதே பாடத்தைச் சிறிய எழுத்திலே தருகிறது. இந்தியா 2013இலே குறிப்பிட்ட வகைக் கம்பனிகளுக்கு ஒரு பெண் பணிப்பாளராவது வேண்டும் எனச் சட்டமியற்றியபோது, பல முதலாளிகள் தம் மனைவியரையும் மகள்மாரையும் அமர்த்தித் தவணையைத் தாண்டினர். பின்னர், குடும்பத்தைச் சாராத சுயாதீனப் பெண் பணிப்பாளர் வேண்டும் என்று பெரிய கம்பனிகளுக்குத் தனி விதி செய்ய நேர்ந்தது.

இவ்வளவும் கேட்ட நம் தோழர் சிலர், 'அப்படியாயின் இது முதலாளி வீட்டுப் பெண்களின் வழக்கு; நமக்கென்ன?' என்று கைகழுவ முற்படலாம். கையிலே மேற்கோளும் வைத்திருப்பர். அலெக்சாந்திரா கொலொந்தாய் 1909இலே எழுதிய நூலிலே, பூர்ஷ்வாப் பெண்கள் கேட்பது இருக்கும் சமுதாயத்துக்குள்ளேயே ஆண்களோடு சம பங்கு. உழைக்கும் பெண் கேட்பது அச்சமுதாயத்தின் மாற்றம் என்று பிரித்துக் காட்டினார். பின்னாளிலே சோவியத் இராசதந்திரியாக நோர்வேயிலேயே பணியாற்றியவர் அவர். பிரிப்பு சரியானது. ஆனால் கொலொந்தாய் பெண்ணுரிமையை ஒத்திவைக்கச் சொல்லவில்லை. தம் கட்சியிலேயே அதனை ஒத்திவைக்க விரும்பிய ஆண் தோழரோடு ஆயுட்காலம் முழுவதும் மல்லாடியவர் அவர். பணிப்பாளர் சபையிலே ஆண்களின் ஏகபோகத்தைக் காத்துக்கொடுப்பது இடதுசாரிகளின் வேலை எப்பொழுதிலிருந்து ஆயிற்று? ஆண் முதலாளிக்கு எதிராகப் பெண் முதலாளி கேட்கும் நியாயமும் நியாயமே. அதனை நாம் ஆதரிக்கலாம்; ஆதரிக்கவும் வேண்டும். அதற்காக அவள் நீட்டும் இலாபச் சீட்டை வாங்கி நாம் வாசிக்கவேண்டியதில்லை. நம் மாணவியரின் வாயிலும் அதனை வைக்கவேண்டியதில்லை.

நோர்வேச் சட்டத்திலே, வெளிநாட்டு அறிக்கைகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. 1970களின் தொடக்கத்திலிருந்தே அந்நாட்டிலே, ஒரு குறித்த தொகைக்கு மேற்பட்ட தொழிலாளரையுடைய கம்பனிகளின் பணிப்பாளர் சபையிலே தொழிலாளரும் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்து அனுப்ப உரிமை உண்டு. சபையிலே மூன்றிலொரு பங்கு வரை அவர்களுடையதாகலாம். இந்த உரிமையைத் தொழிற்சங்கங்கள் கேட்டபோது, தொழிலாளி அமர்ந்தால் பங்குதாரருக்கு இத்தனை வீதம் ஆதாயம் என்று அட்டவணை நீட்டிக் கேட்கவில்லை. உழைப்பவனுக்கு உழைக்கும் இடத்திலே குரல் வேண்டும் என்று கேட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பங்குதாரர் அனுப்பும் உறுப்பினருக்கும் தொழிலாளர் அனுப்பும் உறுப்பினருக்கும் தனித்தனியே பால் விகிதத்தை விதித்தது. ஆகவே அச்சபைகளிலே வந்தமர்ந்த பெண்களுள் தொழிலாளப் பெண்களும் உள்ளனர். அவர்கள் கம்பனியின் செயற்றிறனுக்கு யாது செய்தனர் என்று ஆராய மக்கின்சி ஆள் அனுப்பவில்லை.

2023 டிசம்பரிலே நோர்வே நாடாளுமன்றம் 40 வீத விதியைப் பொதுக் கம்பனிகளுக்கு அப்பால், தனியார் கம்பனிகளுள் பெரியவற்றுக்கும் நடுத்தரமானவற்றுக்கும் விரித்தது. 2024இன் இறுதியிலே மிகப் பெரியவற்றிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஆண்டு சிறியவற்றை நோக்கி இறங்கி 2028 வரை செல்லும் வண்ணம் தவணைகள் குறிக்கப்பட்டுள்ளன. அகெர்னும் டிற்மாரும் சரியா, எக்போ சரியா என்று பேராசிரியர்கள் தீர்த்துவைக்கும்வரை ஒஸ்லோ காத்திருக்கவில்லை.